வெட்டியவர்கள் ஒன்றரை மாதத்தில் வெளியே வந்துவிட்டார்கள். நாங்கள் எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்?

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு கிராமத்திலிருந்து இந்த வாசகர் எழுதியிருக்கிறார். (பெயரும் அடையாளம் காட்டும் விவரங்களும் விடப்பட்டிருக்கின்றன.) கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். போன வருஷம் மாரியம்மன் நோம்பி சமயத்தில் ஐந்து இளைஞர்கள் வந்து செலவுக்கென்று ஐயாயிரம் கேட்டார்கள். தொந்தரவு வேண்டாமென்று ஜிபேயில் அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் அதுவே பத்தாயிரமானது. "மாசாமாசம் வந்துரோணும்" என்றார்கள். மறுத்துவிட்டார். சில நாள் கழித்து, கல்லூரியில் படிக்கும் மகன் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அரிவாளோடு வந்தார்கள். தடுக்கப் போன இடது கையில் வெட்டு விழுந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, இரண்டு மாதம் அந்தக் கையால் எதுவும் செய்ய முடியவில்லை.

நான்கு பேரைப் போலீஸ் பிடித்தது, ஐந்தாவது ஆள் வேறு ஊர் நீதிமன்றத்தில் சரணடைந்தான். நாற்பது சொச்சம் நாளில் எல்லோரும் ஜாமீனில் வெளியே. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும்போது தறிக்கூடத்து வாசலில் பைக்கை நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுப் போகிறார்கள். அரிவாளைக் காட்டி ரீல்ஸ் வேறு போடுகிறார்கள். "ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றரை லட்சம் தந்துடறோம், கேஸை முடிச்சுக்கலாம்" என்று உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் தூது வந்திருக்கிறார். மனைவி தறியை விற்றுவிடலாம் என்கிறார். ஊர்ப் பையன்கள் "நாமளே பார்த்துக்கலாம் மாமா" என்கிறார்கள்.

அவர் கேட்பது இவ்வளவுதான்: நீதிபதி எப்படி இவர்களை விட்டார்? ஏன் குண்டாஸ் போடவில்லை? குமாரபாளையம் பக்கம் ஏ.டி.எம். கொள்ளையர்களைச் சுட்ட மாதிரி இவர்களையும் செய்தால் என்ன? துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா? கடைசியாக, இந்தக் கேஸில் நாங்கள் எதற்குச் சாட்சி சொல்லி வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

அண்ணா,

உங்கள் கோபத்தை ஆற்ற நான் இதை எழுதவில்லை. அதில் பாதிக்கு மேல் நியாயமான கோபம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலையானார்கள். 2025இல் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதற்கப்புறம் நம் பக்கத்தில் யார் யார் நாய் வாங்கினார்கள், யார் கேமரா மாட்டினார்கள், யார் தோட்டத்தைப் பூட்டிவிட்டு டவுனுக்குக் குடிவந்தார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வடக்கத்தி ஆளுங்க வந்த பிறகுதான் இந்த அட்டூழியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிவகிரி வழக்கில் கைதானவர்கள் அறச்சலூர் பக்கத்துக்காரர்கள். பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதுதான் போலீஸ் தரப்பு. உங்கள் மகனை வெட்டிய கும்பலில் மூத்தவனின் அப்பா உங்கள் தறியிலேயே ஓட்டியவர் என்று அடுத்த பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிறவனைப் பற்றி ஊருக்கு எல்லாம் தெரியும். அவன் யாரிடமெல்லாம் காசு வாங்கினான் என்பதும் தெரியும். வழக்குக்கு அதுதான் உங்கள் பலம். வெளியூர் ஆள் கதையில் அது தொலைந்துபோகிறது.

ஜாமீன் ஏன் கிடைத்தது

"ஜட்ஜும் விலை போய்ட்டாரு" என்பது உங்கள் முடிவு. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய எஃப்.ஐ.ஆர். காப்பியைப் படித்தேன். அந்த நீதிபதி முன்னால் இருந்ததும் அதே காகிதம்தான். அதில் என்ன இருக்கிறது? "முன்விரோதம் காரணமாக வாய்த்தகராறு ஏற்பட்டு, ஆயுதத்தால் காயப்படுத்தி, மிரட்டல் விடுத்தனர்." பிரிவுகள்: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 118(1), 351(3). பழைய சட்டத்தில் ஸ்டேஷன்களில் மனப்பாடமாக எழுதப்பட்ட 294(பி), 324, 506(2) என்ற வரிசையின் புது எண்கள், அவ்வளவுதான். 118(1)க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. ஆயுதம் கைப்பற்றியாகிவிட்டது, விசாரணை பெரும்பாலும் முடிந்தது, ஆட்கள் நாற்பது நாளாக உள்ளே இருக்கிறார்கள். இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் ஜாமீன் கொடுத்திருப்பார்.

தீர்ப்புக்கு முன்னால் ஒருவரைச் சிறையில் வைப்பது தண்டனைக்காக இல்லை. ஓடிவிடாமல், சாட்சியைக் கலைக்காமல் இருப்பதற்காக. ஜாமீன் வந்ததால் வழக்கு முடிந்துவிட்டது என்று ஊரில் நினைக்கிறார்கள், கும்பலும் அப்படித்தான் காட்டிக்கொள்கிறது. உங்கள் வழக்கு இன்னும் குற்றப்பத்திரிகை நிலைக்கே வரவில்லை. ஜாமீன் உத்தரவால் அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது நலிந்துபோயிருப்பது அந்த எஃப்.ஐ.ஆர். காகிதத்தில். அதை இப்போதும் சரிசெய்யலாம்.

எஃப்.ஐ.ஆரில் விடுபட்டவை

ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய புகாரில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது யாரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் அதில் இரண்டு பெரிய விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

முதலாவது, எலும்பு முறிவு. எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். பதினைந்து நாள் ஒருவர் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான்; பழைய சட்டத்தில் இருபது நாள் என்று இருந்ததைப் புதுச் சட்டம் குறைத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு இரண்டுமே பொருந்தும். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் உண்டாக்கினால் பிரிவு 118(2). குறைந்தபட்சமே ஒரு வருஷம், அதிகபட்சம் ஆயுள். மூன்று வருஷத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அரிவாள் தலைக்கு ஓங்கப்பட்டதைத்தான் மகன் கையால் தடுத்தான் என்றால், கொலை முயற்சிக்கான 109ஆவது பிரிவும் பேச வேண்டியது.

இது எப்படி விட்டுப்போனது? எனக்குத் தெரிந்து பெரும்பாலும் நடப்பது இது. முதலுதவி அரசு மருத்துவமனையில். அங்கே போட்ட ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகல்) "வெட்டுக்காயம்" என்று மட்டும் இருக்கும். ஆபரேஷன் கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனையில். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பிளேட் வைத்த பில் எல்லாம் உங்கள் வீட்டு பீரோவில். விசாரணை அதிகாரி அதை வாங்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை. போலீஸ் வேண்டுமென்றே செய்ததா, சோம்பலா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். காயச் சான்றிதழைத் தனியார் மருத்துவமனையிலிருந்து பெறும்படியும், பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்பும்படியும் எழுத்தில் மனு கொடுங்கள். விசாரணை அதிகாரிக்கு ஒன்று, டி.எஸ்.பி.க்கு ஒன்று, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒன்று. மருத்துவ ஆவணங்களின் நகலை ஒவ்வொன்றோடும் இணையுங்கள். அசலைக் கையை விட்டு விடாதீர்கள்.

இரண்டாவது, பணம். எஃப்.ஐ.ஆரில் மாமூல் கேட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! அதனால் காகிதத்தைப் படிப்பவருக்கு இது ஏதோ பேக்கரித் தகராறு. ஆனால் உங்களிடம் ஜிபே பதிவு இருக்கிறது, யாருடைய எண்ணுக்குப் போனது என்பது இருக்கிறது. அடுத்த மாதம் பத்தாயிரம் கேட்டு வந்த வாட்ஸ்அப் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். மிரட்டிப் பணம் வாங்குவது 308ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரை. உயிர்பயம் காட்டி வாங்கியிருந்தால் பத்து வருஷம் வரை போகும். இதையும் கூடுதல் வாக்குமூலமாகப் பதிவு செய்யச் சொல்லி அதே மனுவில் கேளுங்கள். முடிந்தால் நீங்களும் மகனும் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுங்கள். முன்பு நூற்று அறுபத்து நான்கு என்று சொல்வார்களே, அது இப்போது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 183. பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் போலீஸ் சாட்சியை அழைத்து வந்தால், மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது புதுச் சட்டம். பிரிவை மாற்றச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். மாஜிஸ்திரேட் எழுதிவிட்ட வாக்குமூலத்தை அப்புறம் மிரட்டி மாற்ற வைப்பது கும்பலுக்கு அவ்வளவு சுலபமில்லை.

போலீஸ் அசையாவிட்டால்? வழக்கின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு எழுதுங்கள். லேசான பிரிவிலேயே குற்றப்பத்திரிகை போட்டுவிட்டால்கூட, மேல் விசாரணை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தீர்ப்புக்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் வைத்திருந்தால், குற்றப்பத்திரிகை நகல் பாதிக்கப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் சொந்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். வசதியில்லை என்றால் திருப்பூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வாசலில் பைக் முறுக்குகிறவர்களை என்ன செய்வது

சாட்சியை மிரட்டக்கூடாது என்பது ஜாமீனில் எப்போதும் இருக்கும் நிபந்தனை. மீறினால் ஜாமீனை ரத்து செய்யலாம். போலீஸ்தான் கேட்க வேண்டும் என்றில்லை, நீங்களே செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஜாமீன் விசாரணை உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் தடவை ஜாமீன் மனு வந்தபோது நீங்கள் இடையீட்டு மனுப் போடவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் "தினமும் வந்து சத்தம் போடறாங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்த நீதிமன்றமும் ரத்து செய்யாது. தறிக்கூடத்து வாசலைப் பார்த்து ஒரு கேமரா வையுங்கள். வண்டி எண் தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் 112க்குப் போன் செய்யுங்கள், அழைப்பு பதிவாகும். ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரீல்ஸை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து, கணக்கின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி வையுங்கள். நோட்டீஸ் போனதும் அழித்துவிடுவார்கள். பொய்ச் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது 232ஆவது பிரிவில் தனிக் குற்றம், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. அதற்குத் தனி வழக்கு விழுந்தால் ஜாமீன் ரத்து மனு வலுவாக நிற்கும்.

நம் ஊர் ஸ்டேஷன்களின் ஒரு பழக்கத்தையும் சொல்லி வைக்கிறேன். தொடர்ந்து புகார் போனால் "ரெண்டு பார்ட்டிக்கும் நூத்தியேழு போட்டுடலாம்" என்று உங்களையும் சேர்த்துக் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தப் பார்ப்பார்கள். (அமைதி காப்பேன் என்று பிணை எழுதி வாங்கும் பழைய 107ஆவது பிரிவு, இப்போது அது 126.) பயந்துவிடாதீர்கள். நீங்கள் எந்தத் தகராறும் செய்யவில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். வழக்கமாகக் குற்றம் செய்கிறவனிடம் நன்னடத்தைப் பிணை வாங்குவதற்கு 129 என்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்தக் கும்பல் மீது அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

குண்டாஸ் போட்டால் தீருமா

ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. தமிழ்நாட்டின் 1982ஆம் வருஷத்து 14ஆம் எண் சட்டம், பேச்சு வழக்கில் குண்டாஸ். மாவட்டத்தில் கலெக்டரும் மாநகரில் கமிஷனரும் உத்தரவு போடுவார்கள். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். இது தண்டனை இல்லை, இனிமேல் செய்யப்போவதைத் தடுக்க அடைத்து வைப்பது. அதனால் நடைமுறையில் சின்னத் தவறு இருந்தாலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யும். கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, தெரியாத மொழியில் ஆவணம் என்று உத்தரவுகள் விழுந்த கதை நிறைய. தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் நம்முடையது முன்வரிசையில் இருக்கிறது. அப்படியும் ரவுடிகள் குறைந்ததாக உங்களுக்குத் தோன்றவில்லை, இல்லையா?

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. குண்டாஸ் போட்ட அன்றைக்கு செய்தியில் வரும், ஊர் நிம்மதியாகும், அசல் வழக்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வருஷம் கழித்து அவன் வெளியே வரும்போது அசல் வழக்கில் ஒரு சாட்சிகூட விசாரிக்கப்பட்டிருக்காது. வேண்டாம் என்று சொல்லவில்லை, போட்டால் போடட்டும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அதைவிட நீங்கள் கேட்க வேண்டியது புதுச் சட்டத்தின் 111ஆவது பிரிவு, அமைப்பு ரீதியான குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பதை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குறைந்தபட்சம் ஐந்து வருஷம், ஆயுள் வரை போகலாம், அபராதமும் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், கடந்த பத்து வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை ஏற்றிருக்க வேண்டும். மூத்தவன் மேல் "ரெண்டு கேஸ் இருக்குது" என்கிறீர்கள். கேஸ் இருந்தால் போதாது, குற்றப்பத்திரிகை போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகாமல் கிடந்தால், அவன் இவ்வளவு தைரியமாக உங்கள் வாசலுக்கு வந்ததற்கு அதுவே பாதிக் காரணம்.

சுட்டுத் தள்ளுவதும், கட்டிவைத்து அடிப்பதும்

2024 செப்டம்பரில் திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்துவிட்டு கன்டெய்னர் லாரியில் வந்த கும்பலை, குமாரபாளையம் பக்கம் போலீஸ் விரட்டி மடக்கியபோது ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். நீங்கள் சொல்வது அதைத்தான். ஓடுகிற லாரியைத் துரத்திப் பிடித்த இடம் அது. உங்கள் வழக்கில் ஆட்கள் தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களைச் சுட்டுவிட்டு என்ன காரணம் எழுதுவார்கள்?

2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் கொடுத்த அறிக்கை, போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை என்றது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. நம் மாநிலத்திலேயே 2020இல் சாத்தான்குளம் போலீஸ் அடித்ததில் இறந்த அப்பாவும் மகனும் கடை வைத்திருந்தவர்கள். 2025இல் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் இறந்தவர் கோயில் காவலாளி. ரவுடியை அடிக்கட்டும் என்று நாம் கொடுக்கிற அனுமதி ரவுடியோடு நிற்பதில்லை.

அப்புறம் மாவுக்கட்டு. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்று கையில் கட்டோடு வரும் போட்டோவை நீங்களும் ஃபார்வர்டு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் போட்டோவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். அடித்து வாங்கிய வாக்குமூலம், அடித்து எடுத்த அரிவாள் என்று, ஆயுதம் கைப்பற்றியதற்கான மகஜரையே சந்தேகத்தில் தள்ளுவார். உங்களுக்குச் சந்தோஷம் கொடுத்த அந்த ஒரு படம் உங்கள் வழக்கைத்தான் பலவீனமாக்கும்.

"நாமளே பார்த்துக்கலாம் மாமா" என்கிற பையன்களிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். சட்டவிரோதக் கூட்டம் ஒன்றின் பொது நோக்கத்துக்காக ஒருவன் வெட்டினால், அதில் சேர்ந்து நின்ற எல்லோரும் வெட்டியவர்களாகவே கணக்கு. முன்பு 149 என்ற பிரிவு, இப்போது 190. அடிபட்டவர் என்ற இடத்திலிருந்து நீங்கள் குற்றவாளி என்ற இடத்துக்கு மாறிவிடுவீர்கள். அப்புறம் தூது வருகிற பெரிய மனிதர் "ரெண்டு கேஸையும் முடிச்சுக்கலாம்" என்று இன்னும் தைரியமாக வருவார். தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு. வீடு புகுந்து அரிவாளை ஓங்குகிறவனை எதிர்க்கலாம். ஆனால் ஆபத்து தீர்ந்த நொடியில் அந்த உரிமையும் தீர்ந்துவிடும். போகிறவனைத் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் வராது.

துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட உரிமை இருக்கிறது. கலெக்டர்தான் கொடுப்பார், போலீஸ் அறிக்கை வேண்டும், நாளாகும். பேக்கரியில் டீ குடிக்கிற மகனுக்கு வீட்டிலிருக்கும் துப்பாக்கியால் என்ன பயன் என்று மட்டும் யோசியுங்கள்.

சாட்சி சொல்லத்தான் வேண்டுமா

இந்த வழக்கை நீங்கள் "வாபஸ்" வாங்க முடியாது. வழக்கு அரசுடையது. 118(2) போன்ற குற்றத்தைக் கீழ் நீதிமன்றத்தில் சமரசத்தில் முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் தூது வந்தவர் உண்மையில் கேட்பது வேறு. "கூண்டில் ஏறி, வெட்டியது யார் என்று தெரியாது எனச் சொல்லுங்கள்" என்பதுதான். அந்த ஒன்றரை லட்சம் பொய்ச் சாட்சிக்கான விலை. சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தில் குற்றவாளியைத் தப்பவிடப் பணம் வாங்குவதும் குற்றம். ஆஸ்பத்திரிச் செலவு உங்களை அழுத்துகிறது என்றால், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பியுங்கள். தொகை பெரிதாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கு நினைவிருக்கும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரே ஆரம்பத்தில் வெளியே வந்து, இனி யார் வாயைத் திறப்பார்கள் என்று எல்லோரும் கைவிட்ட வழக்கு. 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. எதிர்ப்பக்கம் எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்று பேசிக்கொண்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கோகுல்ராஜ் என்ற இளைஞரைக் கடத்திக் கொன்ற வழக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. முக்கியச் சாட்சி பிறழ்ந்துவிட்டார். வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்படியும் திருச்செங்கோடு மலைக்கோயில் கேமராப் பதிவு இருந்தது. 2022இல் ஆயுள் தண்டனை வந்தது, அடுத்த வருஷம் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மகன் வெட்டுப்பட்ட பேக்கரியின் கேமராவைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். டி.எஸ்.பி. நிலை அதிகாரி மிரட்டல் எவ்வளவு என்று பார்த்து ஐந்து வேலை நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, நீதிமன்றத்துக்குப் போகும்போது துணை என்று தேவைக்கேற்ப உத்தரவு வரும். இந்தத் திட்டம் முக்கியமாக ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு. இப்போதைய எஃப்.ஐ.ஆரில் உள்ள 118(1) அந்த அளவுக்கு எட்டாது, 351(3) மட்டும்தான் ஏழு வருஷத்தைத் தொடும். 118(2)ம் 308ம் எட்டும். பிரிவை மாற்றாமல் இதைக் கேட்டால் அங்கேயே ஆட்சேபம் வரலாம். காகிதத்தில் இருப்பது போல எல்லா இடத்திலும் வேகமாக நடப்பதில்லை, உங்கள் வழக்கறிஞர் பின்னாலேயே நிற்க வேண்டியிருக்கும்.

மகன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போக நினைப்பதாகவும், சாட்சி இருப்பதால் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். சம்மன் வருகிற நாளில் வந்தால் போதும். நீதிமன்றம் அனுமதித்தால் காணொளி வழியாகவும் சாட்சி சொல்லப் புதுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கடைசியாகப் பேக்கரிக்காரர். "எனக்கு எதுக்குங்க வம்பு, கேமரா ஓடல" என்று போலீஸிடம் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் மாதாமாதம் அந்தக் கும்பலுக்குக் கொடுப்பவராக இருக்கலாம். அப்படியானால் அவர் உங்களுக்குச் சாட்சி என்பதைவிட, இன்னொரு புகார்தாரர். உங்கள் தெருவில் நோம்பிக் காசு கொடுத்த இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்தில் ஒரே நாளில் தனித்தனி மனுக் கொடுத்தால், அவர் மனமும் மாறலாம். கேமரா உண்மையிலேயே ஓடவில்லையா என்பதைத் தடய அறிவியல் ஆய்வு சொல்லிவிடும். ஹார்டு டிஸ்க்கைக் கைப்பற்றச் சொல்லி மனுவில் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். வழக்கமாகச் சில வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், ஏற்கெனவே நாளாகிவிட்டது. அதனால் எக்ஸ்ரேவுக்கும் ஜிபேக்கும் முன்னால் அந்தப் பத்தியை எழுதுங்கள், பேக்கரிக்கு எதிரில் உள்ள மெடிக்கல் ஷாப் கேமராவையும் அதில் சேருங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.